இன்டர்ஃபெரோன் காமா எலிஸ்பொட் கிட்: மட்டக்களப்பில் வைத்துப் பாவித்துப் பார்த்த பிறகு

டெங்கு வந்து மாறிப் பல மாதங்கள் கழிந்த ஒருவருடைய இரத்தத்தில், அந்த வைரஸை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற ரி-கலங்கள் (நோயை எதிர்க்கிற வெண்குழியங்களில் ஒரு வகை) எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும், இதுதான் எங்கள் தேவை. அதற்காக வாங்கியது மனித இன்டர்ஃபெரோன் காமாவுக்கான, அதாவது தூண்டப்பட்ட ரி-கலம் சுரக்கிற ஒரு புரதத்துக்கான, எலிஸ்பொட் கிட்; சுரக்கிற கலம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் காட்டுகிற சோதனை அது. அன்டிபொடி ஏற்கெனவே பூசப்பட்ட, 96 வெல் (சின்னக் குழி) உள்ள பிளேட்டோடு வருகிற வகை. கம்பனியின் பெயரை எழுதவில்லை. கீழே சில குறைகள் சொல்லப் போகிறேன், அவற்றில் பாதி இந்த வகைக் கிட் எதற்கும் பொருந்தும், மீதி கிட் எங்கள் கைக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பற்றியது. முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஃப்ளோ சைட்டோமீட்டர் (நிறமேற்றிய கலங்களை ஒவ்வொன்றாக லேசரால் பார்த்து வகைபிரிக்கும் இயந்திரம்) இல்லாத, ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் இன்கியூபேட்டரும் சுத்தமான ஹூட்டும் உள்ள சின்ன ஆய்வுகூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அது தருகிற எண்ணிக்கையில் இருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெளிவில்லாமல் வாங்கினால் காசு வீண்தான்.

ஏன் டெங்கு என்று கேட்கத் தேவையில்லை, மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பயம் இருக்கும். 2017 இல் நாடு முழுவதும் 186,101 டெங்குச் சந்தேக நோயாளர்கள் பதிவானார்கள். நான்கு வகை வைரஸ்கள், ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நீண்ட காலம் இருக்கும், வேறு வகை வந்தால் சிலருக்கு நிலைமை மோசமாகும். இதில் அன்டிபொடி செய்கிற வேலையைப் பற்றி நிறையப் பேர் கதைத்துவிட்டார்கள், ஐஜிஜி என்ற அன்டிபொடியைத் தேடும் பரிசோதனை செய்தால் முன்பு தொற்றியதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். தொற்றிய கலத்தை அடையாளம் கண்டு கொல்கிற சிடி8 ரி-கலங்களும், அவற்றுக்கும் அன்டிபொடி செய்யும் கலங்களுக்கும் கைகொடுக்கிற சிடி4 ரி-கலங்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. அதைப் பார்க்க உயிரோடுள்ள கலங்கள் வேண்டும், அவற்றுக்கு வைரஸின் துண்டுகளைக் காட்டி அவை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

கிட் வேலை செய்யும் விதம் எளிமையானது. பிளேட்டின் ஒவ்வொரு வெல்லுக்கும் அடியில் பிவிடிஎஃப் மென்சவ்வு இருக்கிறது, அதில் இன்டர்ஃபெரோன் காமாவைப் பிடிக்கும் அன்டிபொடி பூசியிருக்கிறது. இரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த ஒற்றைக்கரு வெண்குழியங்களை வெல்லுக்கு இரண்டு அல்லது இரண்டரை இலட்சம் வீதம் போட்டு, டெங்குப் புரதங்களின் பெப்டைட் துண்டுகளைச் சேர்த்து, 37 பாகையில் 5 வீதம் காபனீரொட்சைட்டோடு ஓர் இரவு வைக்க வேண்டும். அந்தப் பெப்டைட்டை அடையாளம் கண்ட ரி-கலம் இன்டர்ஃபெரோன் காமாவைச் சுரக்கும், சுரந்தது கலத்தைச் சுற்றியே மென்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் கலங்களைக் கழுவி விட்டு இரண்டாவது அன்டிபொடி, பிறகு நொதி, பிறகு நிறம் தரும் கரைசல். கலம் இருந்த இடத்தில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு புள்ளி. ஒரு புள்ளி என்றால் பதில் சொன்ன ஒரு கலம், பத்து இலட்சம் கலங்களுக்கு இத்தனை புள்ளி என்று கணக்கெழுதுவது வழக்கம். இலட்சத்தில் ஒன்று என்ற அளவில் அரிதாக உள்ள கலத்தைக்கூட இது பிடித்துவிடும், நோய் மாறிப் பல காலம் ஆனவர்களில் ஞாபகக் கலங்கள் அவ்வளவு குறைவாகத்தான் இருக்கும் என்பதால் இந்த நுண்மை எங்களுக்கு மிக முக்கியம்.

முறை புதிதல்ல. 1983 இல் அன்டிபொடி சுரக்கும் கலங்களை எண்ணுவதற்காகச் செர்கின்ஸ்கியும் அவரது சகாக்களும் வெளியிட்டது, 1988 இல் சைட்டோகைன் (இன்டர்ஃபெரோன் காமா போல, கலங்கள் ஒன்றுக்கொன்று சைகை கொடுக்கச் சுரக்கும் புரதம்) சுரக்கும் கலங்களுக்கும் அதையே கொண்டுவந்தார்கள். இவ்வளவு காலம் உலகம் முழுவதும் பாவித்துத் தேய்ந்த முறை என்பதால் எங்கே பிழைக்கும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்த விசயம், புதிதாகத் தொடங்குகிற ஆய்வுகூடத்துக்கு அது பெரிய தைரியம்.

பிடித்த விசயங்களை முதலில் சொல்கிறேன். பூசிய பிளேட் என்பது வெறும் சொகுசு இல்லை. பூசாத பிளேட் வாங்கினால் முதல்நாள் எதனோலால் மென்சவ்வை நனைத்து, ஒரு நிமிடத்துக்குள் கழுவி, அன்டிபொடி ஊற்றி இரவு முழுக்க வைக்க வேண்டும், எதனோல் கூடினாலும் குறைந்தாலும் முழுப் பிளேட்டும் சீராக இருக்காது. இங்கே அந்தக் கட்டம் முழுவதும் தவிர்ந்துவிடுகிறது, கழுவி, ஊடகம் ஊற்றி அரை மணித்தியாலம் வைத்தால் கலங்களைப் போடலாம். அடுத்தது, எட்டு வெல் கொண்ட கீற்றுகளாகக் கழற்றிப் பாவிக்கக்கூடிய பிளேட். ஒரே நாளில் இரண்டு மூன்று பேருடைய இரத்தம் மட்டும் வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி, தேவையான கீற்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடி நான்கு பாகையில் வைத்துவிடலாம். இரத்தமும் அதிகம் கேட்காது. பத்து மில்லிலீற்றர் இரத்தத்தில் இருந்து ஏறக்குறைய ஒரு கோடி கலங்கள் கிடைக்கும், அது நாற்பது வெல்லுக்குப் போதும். தன்னார்வமாக வருகிற ஒருவரிடம் அதற்கு மேல் கேட்க மனம் வராது, கேட்கவும் கூடாது.

சரி, இது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்ற இடத்துக்கு வருவோம், இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இரவில் கல்லடிப் பக்கம் கரையில் நின்று வாவியில் மீன்பிடிக்கிற தோணிகளின் விளக்குகளை எண்ணுவது போன்ற வேலை இது: விளக்கு ஏற்றிய தோணிகளை மட்டும் சரியாக எண்ணலாம், ஏற்றாமல் நிற்கிற தோணி கண்ணுக்குப் படாது, விளக்குள்ள தோணியில் இருப்பது யார், வலையில் என்ன இருக்கிறது என்றும் கரையில் இருந்து சொல்ல முடியாது. அன்றைக்கு இன்டர்ஃபெரோன் காமா சுரந்த கலம் எண்ணப்படுகிறது. அதே பெப்டைட்டை அடையாளம் காணக்கூடிய, ஆனால் வேறு சைட்டோகைன் சுரக்கிற கலமோ, சோர்ந்து போய் எதுவும் சுரக்காத கலமோ கணக்கில் வராது. புள்ளி வைத்த கலம் சிடி4 ஆ சிடி8 ஆ என்றும் தெரியாது.

டெட்ராமர் இதற்கு மறுபக்கம். 1996 இல் ஆல்ட்மனும் மார்க் டேவிஸ் குழுவும் கொண்டுவந்த அந்த முறையில் எச்எல்ஏ மூலக்கூறு (கலத்தின் மேற்பரப்பில் பெப்டைட்டை ஏந்தி ரி-கலத்துக்குக் காட்டுவது, ஆளுக்கு ஆள் வேறுபடும்) நான்கைப் பெப்டைட்டோடு சேர்த்து நிறமேற்றி வைத்திருப்பார்கள், பொருந்துகிற ஏற்பி உள்ள ரி-கலம் எல்லாவற்றிலும் அது போய் ஒட்டும், அந்தக் கலம் வேலை செய்கிறதா தூங்குகிறதா என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒவ்வொருவருடைய எச்எல்ஏ வகையும் முதலில் தெரிய வேண்டும், எந்தப் பெப்டைட் என்றும் தெரிய வேண்டும். சந்தையில் அதிகம் கிடைப்பது ஐரோப்பியரில் பரவலாக உள்ள ஏ*02:01 வகைக்கு. எங்கள் பக்கத்து மக்களில் ஏ*11:01, ஏ*24:02, ஏ*33:03 போன்றவை சாதாரணம், அவற்றுக்கு வேண்டியதைத் தேடிப்பிடிப்பது தனி வேலை, அதோடு ஃப்ளோ சைட்டோமீட்டரும் வேண்டும். எலிஸ்பொட்டில் யாருடைய எச்எல்ஏ எதுவாக இருந்தாலும் பெப்டைட் கலவையைக் காட்டலாம், அவருடைய கலங்களே தமக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும்.

எந்தக் கருவியால் பார்க்கிறோம் என்பது முடிவை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு டெங்கு ஆய்விலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2003 இல் தாய்லாந்துச் சிறுவர்களில், நோய் இருக்கும்போதே, ஏ*11 டெட்ராமரால் பார்த்த ஒரு குழு, இரண்டாம் தொற்றில் வரும் சிடி8 கலங்களில் பல இப்போதுள்ள வைரஸைவிட முன்பு வந்த வகைக்கே நன்றாகப் பொருந்துகின்றன, அதோடு பெருமளவில் செத்துக்கொண்டும் இருக்கின்றன என்று நேச்சர் மெடிசினில் எழுதியது. பழைய ஞாபகம் புதிய தொற்றில் இடைஞ்சலாகிறது என்ற கருத்துக்கு அது பெரிய ஆதாரமாக நின்றது. 2013 இல் கலிஃபோர்னியாவின் லா ஹொயா நிறுவனத்தைச் சேர்ந்த வைஸ்கொப், செற்றே ஆகியோரும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து, இலங்கையில் இரத்ததானம் செய்த பொதுமக்களின் கலங்களை 400 க்கும் மேற்பட்ட எபிடோப்களுக்கு (ரி-கலம் அடையாளம் காணும் புரதத் துண்டுகளுக்கு) எதிராக, இன்டர்ஃபெரோன் காமா பதிலை வைத்தே பார்த்தார்கள். முதலில் வந்த வகையின் பக்கம் சாய்வு இருக்கிறது, ஆனால் அதனால் பதிலின் அளவும் குறையவில்லை தரமும் குறையவில்லை என்பது அவர்கள் முடிவு. கடும் நோய்க்கு ஆளாகும் வாய்ப்புக் குறைந்த எச்எல்ஏ வகை உள்ளவர்களில் பதில் பெரிதாகவும், ஒரே கலம் பல வேலைகள் செய்கிறதாகவும் இருந்தது. ஒன்று நோயின் நடுவே, மற்றது ஆரோக்கியமான வளர்ந்தோரில், கருவியும் வேறு, ஆட்களும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்காமல் டெங்கு ரி-கலம் நல்லதா கெட்டதா என்று யாரும் ஒரே வரியில் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் நாட்டு மக்களின் இரத்தம்தான் அந்த இரண்டாவது கதையைச் சொன்னது என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அதனால்தான் இந்தக் கிட்டின் எண்ணிக்கையை மட்டும் எடுத்து "எதிர்ப்புச் சக்தி கூடியவர்", "குறைந்தவர்" என்று ஆய்வறிக்கையில் எழுதுவதைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது. ஒரு மாணவி வந்து, "மிஸ், இவருக்கு நூற்றுக்கு மேல புள்ளி இருக்கு, அப்ப இவருக்கு இனி டெங்கு வந்தாலும் பயமில்லைதானே?" என்று கேட்டாள். இல்லை. நாட்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளில் ரி-கலங்கள் சோர்ந்து போகும்போது முதலில் இழப்பது ஐஎல்-2 என்ற சைட்டோகைனைச் சுரக்கும் திறனை, பிறகு ரிஎன்எஃப் என்ற இன்னொன்றை, இன்டர்ஃபெரோன் காமா கடைசி வரை தாக்குப் பிடிக்கும். அதாவது பாதித் திறனை இழந்த கலமும் எங்கள் பிளேட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் போகும். 2007 இல் லீஷ்மேனியா ஒட்டுண்ணிக்கான தடுப்பூசிகளை எலிகளில் ஒப்பிட்ட ஆய்விலும் இதே பாடம்: மொத்தம் எத்தனை கலங்கள் இன்டர்ஃபெரோன் காமா சுரக்கின்றன என்பது பாதுகாப்பை ஒழுங்காக முன்கூட்டிச் சொல்லவில்லை, மேலே சொன்ன மூன்று சைட்டோகைனையும் ஒன்றாகச் சுரக்கிற கலங்களின் பங்குதான் சொன்னது. அப்படிப்பட்ட கலம் ஒவ்வொன்றும் இன்டர்ஃபெரோன் காமாவையும் கூடுதலாகவே சுரந்தது. அதனால் புள்ளியின் பருமனையும் அடர்த்தியையும் பாருங்கள் என்று மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கிட்டோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது, இன்னும் எழுதியிருக்கலாம்.

சிடி4 ஆ சிடி8 ஆ என்ற கேள்விக்கு மட்டும் இயந்திரம் இல்லாமலே ஒரு வழி உண்டு. காந்த மணிகளால் சிடி8 கலங்களை அகற்றிவிட்டு மிச்சத்தை அதே பெப்டைட்டோடு பக்கத்து வெல்களில் போட்டால், புள்ளிகள் விழுந்து போனால் பதில் சொன்னது சிடி8, அப்படியே நின்றால் சிடி4. மணிகளுக்குத் தனியாகக் காசு, ஆனால் கிடைக்கிற தகவலுக்கு அது பெறுமதி. ஐஎல்-2 க்கான கிட்டையும் சேர்த்து வாங்கினால் ஞாபகக் கலங்களில் நீண்ட காலம் நிற்கிற வகை பற்றி ஓரளவு ஊகிக்கலாம், இரண்டு நிறத்தில் இரண்டு சைட்டோகைனையும் ஒரே வெல்லில் காட்டும் ஃப்ளோரோஸ்பொட்டும் இருக்கிறது, அதற்கு ஒளிர்வைப் படிக்கும் ரீடர் கட்டாயம் என்பதால் எங்களுக்கு இப்போதைக்குக் கைக்கு எட்டாது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் சைட்டோகைனைக் கலத்துக்குள்ளேயே தடுத்து வைத்து நிறமேற்றும் முறை, அல்லது சிடி137, ஓஎக்ஸ்40 போன்ற தூண்டல் அடையாளங்களை மேற்பரப்பில் தேடும் முறை. கொவிட் காலத்தில் அதே லா ஹொயா நிறுவனம் பாவித்ததால் இந்த இரண்டாவது முறை எல்லாருக்கும் பழக்கமானது, எந்தச் சைட்டோகைன் என்று முன்கூட்டியே தீர்மானிக்கத் தேவையில்லை என்பது அதன் பலம். இரண்டுக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் வேண்டும். எங்கள் வழி, இங்கே எலிஸ்பொட் செய்து யார் யாருக்குப் பதில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, அவர்களுடைய உறைய வைத்த கலங்களை மட்டும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவது.

"எல்லாவற்றையும் கொழும்புக்கு அனுப்பினால் என்ன, ஏன் இங்கே கஷ்டப்படுகிறீர்கள்" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இரத்தம் எடுத்து எட்டு மணித்தியாலத்துக்குள் கலங்களைப் பிரிப்பது நல்லது. பிந்தப் பிந்த நியூட்ரோஃபில்கள் தூண்டப்பட்டு அவற்றின் அடர்த்தி மாறி எங்கள் கலப்படைக்குள் வந்து கலக்கும், ரி-கலங்களின் பதில் குறையும். மாலையில் எடுத்த இரத்தத்தை இரவு ரயிலில் ஏற்றிவிட்டால் காலையில் அங்கே யாராவது கையில் எடுக்கும்போது அந்த நேரம் தாண்டிவிடும். ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, ஏன் கல்முனையில் இருந்துகூட ஒரு மணித்தியாலத்துக்குள் இங்கே வந்துவிடுகிறது. இரத்தம் இருக்கிற இடத்திலேயே பரிசோதனை நடப்பதுதான் எங்கள் பெரிய பலம், இந்தக் கிட் அதைச் சாத்தியமாக்குகிறது என்பதற்காகவே அதன் மற்றக் குறைகள் பலவற்றை நான் பொறுத்துக்கொள்வேன்.

குறைகளில் முதலாவது கையேடு. "அறை வெப்பநிலை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் மத்தியானம் இங்கே குளிரூட்டி இல்லாத அறையில் வெப்பநிலை முப்பதைத் தாண்டி நிற்கும். வெண்குழியங்களைப் பிரிக்கிற ஃபிக்கோல் கரைசல் 18 முதல் 20 பாகையில்தான் ஒழுங்காக வேலை செய்யும், சூடு கூடினால் செங்குழியங்கள் கூடுதலாகத் திரண்டு, அந்தத் திரளுக்குள் நிணநீர்க்குழியங்களும் அகப்பட்டு அடியில் போய்விடும், கலங்களின் எண்ணிக்கை விழும். சென்ட்ரிஃபியூஜைப் பாவிப்பதற்கு முன்பே 20 பாகைக்குக் கொண்டுவந்து, ஃபிக்கோலையும் அந்த அறையிலேயே வைத்து, கதவை மூடிக் குளிரூட்டியைப் போட்டுத்தான் எங்களிடம் இந்த வேலை தொடங்கும். நிறம் வரும் கட்டமும் அப்படித்தான், சூட்டில் நிறம் வேகமாக ஏறும், கையேட்டில் உள்ள நிமிடக் கணக்கை நம்பி வேறு வேலைக்குப் போனால் பின்னணி முழுக்க ஊதாவாகிவிடும். பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும். கரைசலை 0.45 மைக்ரோன் வடியில் வடித்துவிட்டே ஊற்றுங்கள், வடிக்காவிட்டால் அதில் உள்ள துகள்களே புள்ளி மாதிரித் தெரியும்.

இரவு வேலை முழுவதும் இன்கியூபேட்டருடையது, எங்கள் பக்கம் அது கரண்டுடையதும்தான். கலங்கள் சுரந்துகொண்டிருக்கும்போது பிளேட் அசையக்கூடாது. அசைந்தால் கலம் நகர்ந்து புள்ளி வால் வைத்ததாகவோ மங்கிப் பரவியதாகவோ வரும். அதனால் அன்றிரவு அந்த இன்கியூபேட்டரை வேறு யாரும் திறப்பதில்லை, கதவில் தாள் ஒட்டிவிடுவோம். பிளேட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது, நடுவில் உள்ளது பிந்திச் சூடாகும், ஓரத்து வெல்களுக்கும் நடு வெல்களுக்கும் வித்தியாசம் வரும். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறுகிற இடைவெளிக்கு யூபிஎஸ் போட்டிருக்கிறோம். கதவு மூடியிருந்தால் சூடு கொஞ்ச நேரம் நிற்கும், காபனீரொட்சைட்டு மீற்றரைத்தான் கரண்ட் வந்த பிறகு திரும்பப் பார்க்க வேண்டும்.

கழுவி முடிந்து காய வைக்கிற கட்டம் மார்கழி மழையில் பெரிய சோதனை. ஈரமான மென்சவ்வில் பின்னணி இருண்டு தெரியும், சின்னப் புள்ளிகள் மறைந்துவிடும், முழுதாகக் காய்ந்த பிறகுதான் எண்ண வேண்டும். மற்றக் காலத்தில் ஓர் இரவில் காய்வது அந்த ஈரக்காற்றில் காயாது. அவசரப்பட்டு அடுப்பில் வைக்காதீர்கள், 37 பாகைக்கு மேல் போனால் மென்சவ்வு வெடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில், வெளிச்சம் படாமல் வைத்தால் போதும். கடைசிக் கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர் போதும் என்று கையேடு சொல்கிறது. நாங்கள் வடித்த நீரையே பாவிக்கிறோம், வாவிப் பக்கத்துக் கிணறுகளில் உப்பும் சில ஊர்களில் இரும்பும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதைக் கொண்டுபோய் மென்சவ்வில் ஊற்ற எனக்குத் துணிவில்லை.

புள்ளிகளை எண்ணும் இயந்திரமான ரீடர் இல்லாமல் எண்ணலாமா என்று பலர் கேட்கிறார்கள். எண்ணலாம். பூச்சிகளைப் பார்க்கிற ஸ்டீரியோ நுணுக்குக்காட்டியும் நல்ல விளக்கும் போதும், ஒவ்வொரு வெல்லையும் படம் எடுத்து வைத்து, எந்த வெல்லில் என்ன போட்டது என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். புள்ளிகள் நெருங்கிவிட்டால் கையால் எண்ணுவது நம்பிக்கையில்லாத வேலை. அப்போது கலங்களைக் குறைத்துப் போட்டுத் திரும்பச் செய்வதுதான் முறை.

கிட்டில் வருகிற நேர்க் கட்டுப்பாடு (கட்டாயம் பதில் வர வேண்டிய ஒப்பீட்டு வெல்லுக்கு) சிடி3 க்கு எதிரான அன்டிபொடி. அது கிட்டத்தட்ட எல்லா ரி-கலங்களையும் தட்டி எழுப்பிவிடும், வெல் முழுக்க எண்ண முடியாத அளவு நிறம். கலங்கள் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டைன் பார் வைரஸ், இன்ஃப்ளுவென்சா ஆகியவற்றின் பெப்டைட்கள் கலந்த கலவை ஒன்று தனியாகக் கிடைக்கும், அதையும் வாங்கி வையுங்கள், சாதாரண ஞாபகக் கலங்கள் பிளேட்டில் ஒழுங்காகப் பதில் சொல்கின்றனவா என்று அதுதான் காட்டும். பெப்டைட் போடாத எதிர்க் கட்டுப்பாட்டு வெல்லில், பெப்டைட்டைக் கரைக்கப் பாவித்த டிஎம்எஸ்ஓ கரைப்பானை மட்டும் அதே அளவில் போடுவது கட்டாயம், இறுதி அளவு 0.5 வீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று வெல். எதிர்க் கட்டுப்பாட்டில் புள்ளிகள் கூடியிருந்தால் அந்த ஆளுடைய முழுத் தரவையும் ஒதுக்கிவிடுவோம், கழித்துக் கணக்குப் பார்த்து ஒப்பேற்றுவதில்லை. ஊடகத்தில் சேர்க்கிற சீரத்தின் தொகுதியை முன்கூட்டியே பரிசோதித்துப் பிடித்த ஒன்றை மொத்தமாக வாங்கி வைத்தால் இந்தத் தலையிடி பெருமளவு குறையும்.

விலையைப் பற்றி. ஒரு பிளேட் கிட் ரூபாய்க் கணக்கில் ஆறு இலக்கம். உண்மையான செலவு அது இல்லை, பெப்டைட்தான். டெங்குவின் முழுப் புரதத் தொடர் ஏறக்குறைய 3,390 அமினோ அமிலங்கள். 15 அமினோ அமிலத் துண்டுகளாக, பத்து ஒன்றின் மேல் ஒன்று படும்படி வெட்டினால் ஒரு வகை வைரஸுக்கே அறுநூற்றுக்கு மேல் பெப்டைட் வரும். நான்கு வகைக்கும் வாங்குவதை மறந்துவிடுங்கள். சிடி8 கலங்கள் பெரும்பாலும் என்எஸ்3, என்எஸ்5 போன்ற கட்டமைப்பல்லாத புரதங்களையே (வைரஸ் துகளின் பகுதியாக இல்லாமல், தொற்றிய கலத்துக்குள் அது பெருக உதவுபவை) பார்க்கின்றன என்பதால் அவற்றில் தொடங்குவது புத்தி. தடுப்பூசி பற்றிக் கதைக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: டெங்வக்சியா தடுப்பூசியின் முதுகெலும்பு, அதாவது அடிப்படை வைரஸ், மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி வைரஸ், அதில் டெங்குவின் கட்டமைப்பல்லாத புரதங்களே இல்லை. மற்றத் தடுப்பூசி கியூடெங்கா டெங்கு 2 ஆம் வகையின் முதுகெலும்பில் செய்தது, அதில் அந்த வகையின் புரதங்கள் இருக்கின்றன. அன்டிபொடி அளவை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது, இந்தப் பிளேட்டில் படும்.

வந்து சேர்ந்த விதத்துக்கு மட்டும் என்னால் நல்ல புள்ளி கொடுக்க முடியாது. முதல் பெட்டி வந்தபோது உள்ளே இருந்த ஐஸ் பொதிகள் எல்லாம் உருகிச் சுடுகிற அளவில் இருந்தன, வெப்பநிலையைப் பதிகிற சாதனம் எதுவும் இல்லை, வழியில் எங்கே எவ்வளவு நேரம் கிடந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. விநியோகஸ்தர் தொலைபேசியில் மரியாதையாகத்தான் கதைத்தார், ஆனால் மாற்றித் தர நாள் எடுத்தார். அதற்குப் பிறகு ஓடர் கொடுக்கும்போதே கடிதத்தில் மூன்று விசயம் எழுதி வாங்குகிறோம்: அனுப்பும் நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கக்கூடாது, பெட்டிக்குள் வெப்பநிலைப் பதிவு இருக்க வேண்டும், காலாவதித் திகதிக்கு ஆகக் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. இங்கே இதைக் கேட்டு வாங்காவிட்டால் சோதனையே இல்லை.

வைத்தியசாலைப் பக்கம் வேலை செய்கிற சிலர் இதைக் காசநோய்க்குப் பாவிக்கலாமா என்று கேட்டார்கள். கொள்கை அதேதான், காசநோய்க்கு என்றே இதே முறையில் செய்த பரிசோதனைக் கிட் தனியாக இருக்கிறது, அதில் வைக்கும் ஈஎஸ்ஏரி-6, சிஎஃப்பி-10 புரதங்கள் பிசிஜி தடுப்பூசியில் இல்லாதவை. பிறந்த உடனே எல்லாருக்கும் பிசிஜி போடுகிற எங்கள் நாட்டில் தோலில் ஊசி போட்டுப் பார்க்கிற மான்டூ பரிசோதனை தடுப்பூசியாலும் வீங்கலாம், இது அப்படி ஏமாறாது. ஆனால் நான் எழுதுகிற இந்தக் கிட் ஆய்வுக்கு மட்டும், பெட்டியிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. நோயாளிக்கு முடிவு சொல்ல இதைப் பாவிக்க வேண்டாம்.

வாங்க நினைக்கிறவர்கள் பெப்டைட்டுக்கு முதலில் ஓடர் கொடுங்கள், செய்து அனுப்ப வாரக் கணக்கில் எடுக்கும், கிட் அதற்குள் ஃபிரிட்ஜில் கிடந்து வயதாகும். அது வந்து, கரைத்து, சின்னச் சின்னப் பங்காக மைனஸ் 80 இல் வைத்த பிறகு கிட்டுக்குச் சொன்னால் போதும்.